மன்னிப்புக் கேட்க வைத்தவர்கள்

வார்டு இன்சார்ஜாகப் புதிதாகப் பொறுப்பேற்றிருக்கும் தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும்,

வாழ்த்துச் சொல்லி நாலு வரி எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். வாழ்த்து இருக்கட்டும். முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நேற்று வரை நீங்கள் வேலைக்காரர்கள். இன்று முதல் பாதி முதலாளி. வசதியில் இல்லை, பழியில். முதலாளியின் கடமை என்று சட்டம் எதையெல்லாம் சொல்கிறதோ, அதையெல்லாம் முதலாளி நேரில் வந்து செய்யப்போவதில்லை. அவர் வார்டுப் பக்கமே வரமாட்டார். உங்கள் வாயால் பேசுவார், உங்கள் கையால் ட்யூட்டி போடுவார். ஒரு நர்ஸ் மனம் உடைந்துபோனால், அவளிடம் போய் அந்த வார்த்தையைச் சொன்ன வாய் உங்களுடையதாகத்தான் இருக்கும்.

நான் கோபமாக எழுதுகிறேன் என்று தோன்றினால் சரியாகத்தான் தோன்றுகிறது. சாத்தான்குளம் பக்கத்திலிருந்து நர்சிங் முடித்த கையோடு டெல்லிக்கு வந்தவள் நான். அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை எல்லாம் பார்த்துவிட்டேன். கடைசியாகக் கிழக்கு டெல்லியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்சிங் சூப்பரின்டென்டென்ட். ஓய்வு பெற்றேன் என்று மரியாதைக்காகச் சொல்லிக்கொள்கிறேன். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை என்பதுதான் நடந்தது. ஏன் புதுப்பிக்கவில்லை என்று ஊகிக்க உங்களுக்குக் கஷ்டம் இருக்காது.

ஊசி போடுவது, ட்யூட்டி பட்டியல் போடுவது எல்லாம் உங்களுக்கு நன்றாகவே தெரியும். நான் சொல்ல வந்தது வேறு.

எங்கள் மருத்துவமனையில் ஒரு வருடம் மன அழுத்த விழிப்புணர்வு நாள் கொண்டாடினார்கள். வரவேற்புக் கூடம் முழுக்க மஞ்சள் பலூன். குர்கானிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்து எல்லோரையும் வட்டமாக நிற்க வைத்து, கையைத் தட்டி ஹா ஹா ஹோ ஹோ என்று சிரிக்கச் சொன்னார். கூட்டம் போதவில்லை என்று, ராத்திரி ஷிஃப்ட் முடித்து வீட்டுக்குக் கிளம்பிய என் பிள்ளைகளை வாசலில் மறித்து உள்ளே தள்ளினார்கள். ஒருத்தி தூணில் சாய்ந்தபடி கண்ணை மூடிக்கொண்டே ஹா ஹா என்றாள். அந்தப் படம் மருத்துவமனையின் இணையதளத்தில் வந்தது. எங்கள் ஊழியர்களின் மனநலம் எங்கள் பொறுப்பு என்று கீழே ஒரு வரி. அதே வாரம்தான், எமர்ஜென்சியில் ஆள் பற்றவில்லை, இன்னும் ஆள் கொடுங்கள் என்று நான் கேட்டதற்கு இப்போதைக்கு முடியாது என்று பதில் வந்தது.

பலூன் ஊதுவது கடமை இல்லை. ஆள் கொடுப்பது கடமை. உங்களிடம் யாராவது பலூனோடு வந்தால், ஆள் எங்கே என்று கேளுங்கள்.

இனி ஸாரி மீட்டிங் விஷயத்துக்கு வருகிறேன். டெல்லியில் தனியார் மருத்துவமனைகளில் வேலை பார்த்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். நோயாளி இறந்துபோவார். உறவுக்காரர்கள் கூட்டமாக வந்து ரகளை செய்வார்கள். கண்ணாடி உடையும், நர்ஸுக்கு அடி விழும். மறுநாள் நிர்வாகம் இரண்டு தரப்பையும் கூப்பிட்டு உட்கார வைக்கும். உட்கார வைக்கும் என்றால் உறவுக்காரர்களை. நர்ஸ் நிற்பாள். நர்ஸ் கைகூப்பி ஸாரி சொல்வாள், அவர்கள் டீ குடித்துவிட்டுப் போவார்கள், விவகாரம் முடிந்தது. யார்மேல் தப்பு என்ற பேச்சே அங்கே வராது. யார் சொன்னால் சீக்கிரம் முடியும் என்பதுதான் கணக்கு. டாக்டர் சொன்னால் அவர் மானம் போய்விடும். நிர்வாகம் சொன்னால் வழக்கு வந்துவிடும். நர்ஸ் சொன்னால் ஒன்றும் ஆகாது. இதுதான் அவர்கள் நம்பிக்கை.

நம் பிள்ளைகளும் இதற்கு ஒத்துப்போய்ப் பழகிவிட்டார்கள். வாய் வார்த்தைதானே, சொல்லிவிட்டுப் போனால் வேலை நடக்கும் என்பார்கள். சீனியர்களே இப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள். அது எப்பேர்ப்பட்ட விஷம் என்று ஜெபாவைப் பார்த்த பிறகுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

ஜெபா எமர்ஜென்சியில் இருந்தவள். இருபத்தெட்டு வயது. எங்கள் ஊர்ப் பக்கம்தான். அப்பா டவுன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நரம்பே தெரியாத கையிலும் முதல் தடவையிலேயே ஊசி ஏற்றிவிடுவாள். குழந்தைக்கு ரத்தம் எடுக்க வேண்டுமென்றால் மற்ற வார்டுகளிலிருந்தும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். பேச்சு குறைவு, பாட்டு அதிகம். வேலை செய்யும்போது கோயில் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள்.

ஒரு நாள் மதியம் மூச்சுத் திணறலோடு ஒரு பெரியவரைக் கொண்டுவந்தார்கள். டாக்டர் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார், காப்பாற்ற முடியவில்லை. மகன் வெளியே காரை நிறுத்தப் போயிருந்தார். அவர் திரும்பி வந்து திரையை விலக்கிய நேரம், ஜெபா பெரியவரின் முகத்திலிருந்து ஆக்சிஜன் மாஸ்க்கை எடுத்துக்கொண்டிருந்தாள். இறந்தவருக்கு அதை எடுத்துத்தான் ஆக வேண்டும். மகன் கண்ணுக்கு, இவள் எடுத்ததால்தான் அப்பா செத்தார் என்று பட்டுவிட்டது. ஓங்கி அறைந்தார். மருந்து ட்ராலியில் தலை மோதி ஜெபா கீழே விழுந்தாள். பின்னால் வந்த கூட்டம் சுற்றிக்கொண்டது. டாக்டர் பக்கத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். செக்யூரிட்டி ஆள் ஓரமாக ஒதுங்கி நின்றான்.

அந்த மகன் மீது எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அது ஆறிவிட்டது. அப்பா செத்த நிமிஷத்தில் மனிதனுக்குப் புத்தி இருக்காது. மறுநாள் காலையில் ஏசி அறையில் உட்கார்ந்து, காபி குடித்துக்கொண்டு, யோசித்து முடிவெடுத்தவர்கள் மீதான கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை.

மருத்துவப் பணியாளர்களை அடித்தால் அது குற்றம் என்று டெல்லியில் தனிச் சட்டமே இருக்கிறது. அடி வாங்கியவள் சார்பில் மருத்துவமனைதான் போலீஸுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. அந்த மகனுக்கு உள்ளூரில் செல்வாக்கு உண்டாம். ஸாரி மீட்டிங் நடந்த அன்று நான் ஒரு கல்லூரியில் நர்சிங் தேர்வு நடத்தப் போயிருந்தேன். அதுவும் அவர்களுக்கு வசதியாகப் போயிற்று. டைரக்டர் அறையில் மகனுக்கும் உறவினர்களுக்கும் டீயும் பிஸ்கட்டும். நெற்றியில் பிளாஸ்திரியோடு ஜெபா நிற்கிறாள். பேட்டா, ஸாரி போல் தோ, மகளே ஸாரி சொல்லிவிடு என்று எச்.ஆர். தலைவர் தேனொழுகச் சொல்லியிருக்கிறார். அவள் கைகூப்பிச் சொன்னாள். வந்தவர்களில் ஒரு பையன் அதைப் போனில் படம் பிடித்தான். மறுநாள் அவள் தங்கியிருந்த வீட்டுக்காரரின் போனுக்கே அந்தப் படம் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஜெபா பாடவில்லை. பாடாததை யாரும் கவனிக்கவில்லை. நான் ரவுண்ட்ஸ் போனபோது வேறொன்றைக் கவனித்தேன். நோயாளியைத் தொடுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் ஸாரி என்றாள். நாடி பிடிக்க ஸாரி. போர்வையை இழுத்துவிட ஸாரி. மயக்கத்தில் கிடப்பவரிடம் ஸாரி. பிறகு கை நடுங்கத் தொடங்கியது. பி.பி. பட்டையைச் சுற்ற முடியாமல் மூன்றாவது தடவையாக அவள் அவிழ்த்துக் கட்டியதைப் பார்த்ததும், அடுத்தவளிடம் கொடுத்துவிட்டு வா என்று கேன்டீனுக்கு அழைத்துப் போனேன்.

எதற்கு இப்படி ஸாரி சொல்கிறாய் என்று கேட்டேன். டீ ஆறிப்போன பிறகு வாயைத் திறந்தாள்.

"சொல்லாம தொட்டா அவ்வொளுக்கு ஏதாவது ஆயிரும்னு இருக்கு மேடம். நான் தொட்டுத்தான அந்தப் பெரியவரு செத்தாரு."

"நீ தொடும்போது அவரு உசுரோடயே இல்ல பிள்ள. ஒனக்கே தெரியும்லா."

"தெரியும். நல்லாவே தெரியும். அப்பம் எதுக்கு என்னிய மன்னிப்புக் கேக்க வச்சாவ? தப்பே செய்யாதவள யாராவது கேக்கச் சொல்லுவாவளா?"

அடித்தவன் உடம்பில் அடித்தான். அது பிளாஸ்திரியோடு போயிற்று. அவளுக்குச் சோறு போடும் இடத்தில், அவளைத் தெரிந்தவர்களே, நான்தான் குற்றவாளி என்று அவள் வாயாலேயே சொல்ல வைத்தார்கள். இரண்டாவது அடி அதுதான். மன அழுத்தம் வேலையோடு கூடவே வருவது, நாம் என்ன செய்ய முடியும் என்று உங்களிடம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எமர்ஜென்சி வேலை கடினம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஜெபாவை உடைத்தது அந்த வேலை இல்லை, நிர்வாகம் எடுத்த ஒரு முடிவு.

கூட இருந்த பிள்ளைகள் நல்ல மனதோடு ஒரு யோசனை சொன்னார்கள். டைபாய்டு என்று லீவு போட்டு ஊருக்குப் போ என்றார்கள். நம் தெற்கத்திப் பிள்ளைகளுக்கு மனதில் எது வந்தாலும் வெளியே டைபாய்டுதான். டெல்லியில் தமிழ் நர்ஸுகளுக்கு வந்ததாகச் சொன்ன டைபாய்டு எல்லாம் நிஜமாக வந்திருந்தால் யமுனையை மூடியிருப்பார்கள். ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஜெபாவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மனநல டாக்டரிடம் போனாள் என்று ஒரு சொல் ஊருக்குப் போனால், வருகிற மாப்பிள்ளை வீடு பாதி வழியிலேயே திரும்பிவிடும்.

ஆனாலும் வேண்டாம் என்றேன். டைபாய்டு குணமானால் திரும்ப அதே எமர்ஜென்சியில், அதே கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். டைபாய்டு சோறோ தண்ணீரோ கொடுத்தது, முதலாளி கொடுத்தது இல்லை. தெரியாத காயத்துக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். இது வேலையில் பட்ட காயம், வேலை கொடுத்தவர்தான் சிகிச்சை கொடுக்க வேண்டும் என்று சொல்ல வேண்டுமென்றால், காயத்தின் பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்வதா வேண்டாமா என்பது உன் முடிவு, உன்னைக் கேட்காமல் ஒருத்தரிடமும் சொல்ல மாட்டேன் என்றேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு, சொல்லுங்க மேடம் என்றாள்.

சொன்னேன். எச்.ஆர். தலைவர் மிகவும் வருத்தப்பட்டார். நாற்காலியிலிருந்து எழுந்து வந்து வருத்தப்பட்டார். மருத்துவமனையின் கவுன்சலரிடமே அனுப்புங்கள் மேடம் ஜி, நம் குழந்தைதானே என்றார். கவுன்சலர் சின்னப் பெண், நல்லவள். ஜெபா அவளிடம் மனதைத் திறந்து பேசினாள். கை நடுங்குவது, தூக்கத்தில் திடுக்கிடுவது, ஊசி போடும்போது கொன்றுவிடுவோமோ என்று பயப்படுவது எல்லாவற்றையும் சொன்னாள். எச்.ஆர். தலைவர் கவுன்சலரைக் கூப்பிட்டு, அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று கேட்டார். கவுன்சலரும் சொல்லிவிட்டாள். அவளுக்கும் அவர்தானே முதலாளி.

அதற்கடுத்து அவர்கள் செய்ததை எழுதும்போது இன்றும் கை சூடாகிறது. பில்லிங் பிரிவில் இருந்த ஒரு தமிழ்ப் பையனை விட்டு ஜெபாவின் அப்பாவுக்குப் போன் போட வைத்தார்கள். உங்கள் மகளுக்கு மனசு சரியில்லை, நோயாளிகளைக் கொன்றுவிடுவேனோ என்று பேசுகிறாள், வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்ல வைத்தார்கள். ஜெபாவுக்கு இது எப்படித் தெரிந்தது தெரியுமா? ஜான்சி தாண்டிவிட்டேன், சாயங்காலம் வந்துவிடுவேன் என்று அப்பா ரயிலிலிருந்து போன் செய்தபோது. அதற்குள் ஊரில் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. பார்த்த வரனும் போயிற்று.

இருபத்தெட்டு வயதுப் பெண், தன் சம்பளத்தில் வீட்டை நடத்துகிறவள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அப்பாவைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டிருக்கிறார்கள். கதவைச் சாத்திக்கொண்டு ஒளிந்த டாக்டருக்கு மனது சரியில்லாமல் போயிருந்தால் அவருடைய அப்பாவைக் கூப்பிட்டிருப்பார்களா?

அன்று நான் நேரே போனது மருத்துவமனையின் வழக்குகளைப் பார்க்கும் வக்கீல் அம்மாவிடம். பழைய டெல்லிக்காரர். அதிகம் பேசமாட்டார், பேசினால் எதிரில் இருப்பவருக்கு வியர்க்கும். நிர்வாகத்தின் வக்கீலிடமே போகிறாயே, பைத்தியமா என்று கூட வேலை பார்த்தவர்கள் கேட்டார்கள். நான் யோசித்துத்தான் போனேன். சட்டம் என்ன சொல்கிறது என்று நிர்வாகத்துக்கு யாராவது சொன்னால் அவர்கள் கேட்கும் ஒரே ஆள் அவர்தான்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இந்தியில் நிதானமாகச் சொன்னார். மனநோயையும் உடல்நோயையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்று மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. சிகிச்சையில் பேசியது வெளியே போகக் கூடாது என்றும் அதுவே சொல்கிறது. கவுன்சலரின் வாயைப் பிடுங்கியதும், அப்பாவைக் கூப்பிட்டதும் மருத்துவமனையின் கழுத்துக்குத்தான் கயிறு. மனநோயும் ஊனத்தில் சேரும் என்று மாற்றுத்திறனாளிகள் சட்டம் சொல்கிறது. அந்த அளவுக்குப் போனால், வேலையைக் கொஞ்சம் மாற்றி அமைத்துக் கொடுக்க மறுப்பதே பாகுபாடு. அரசு வேலையில் இருந்தால் இன்னும் பலமான பாதுகாப்பு உண்டு, வேலையை விட்டு எடுக்கவே கூடாது. தனியாரில் அவ்வளவு தெளிவாக எழுதி வைக்கவில்லை. ஆகவே சண்டை போட வேண்டியிருக்கும்.

அதென்ன, அரசாங்க நர்ஸுக்கு ஒரு மனது, தனியார் நர்ஸுக்கு இன்னொரு மனதா என்று கேட்டேன். அந்தக் கோபத்தைச் சட்டம் எழுதியவர்களிடம் காட்டுங்கள் என்றார். பிறகு ஒன்று சொன்னார். உங்களுக்கு நான் கொடுக்க நினைத்ததே இந்த ஒன்றைத்தான்.

"இவள் வேலைக்குத் தகுதியா என்று உங்களைக் கேட்பார்கள். ஆமாம் என்றும் சொல்லாதீர்கள், இல்லை என்றும் சொல்லாதீர்கள். எந்த வேலைக்கு என்று திருப்பிக் கேளுங்கள்."

மறுநாள் டைரக்டர் அறையில் கூட்டம். டைரக்டர், எச்.ஆர். தலைவர், வக்கீல் அம்மா, நான், ஜெபா, அவளுடைய அப்பா. அப்பா அந்தக் குளிருக்கு யாரிடமோ இரவல் வாங்கிய பெரிய ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவுமாக நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இந்தி ஒரு சொல் தெரியாது. அவருக்கு நான் தமிழில் சொல்ல வேண்டும், அவர் பேசினால் இந்தியில் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு.

எச்.ஆர். தலைவர் முதலில் பேசினார். மூச்சுக்கு முந்நூறு தடவை நோயாளிகளின் பாதுகாப்பு என்றார். ஜெபாவாக ராஜினாமா செய்தால் நல்ல அனுபவச் சான்றிதழ் தருவோம், சின்ன வயது, வெளிநாட்டுக்குக்கூடப் போகலாம் என்றார். பிறகு டைரக்டர் என்னைப் பார்த்தார். நீங்கள் இவ்வளவு வருட அனுபவம் உள்ளவர், நேராகச் சொல்லுங்கள், நாளை எமர்ஜென்சியில் இவளை நிறுத்தினால் நோயாளிகளுக்கு ஆபத்து இல்லை என்று உறுதி கொடுப்பீர்களா என்றார்.

இந்த இடத்தில்தான் நீங்கள் ஒவ்வொருவரும் ஒரு நாள் மாட்டிக்கொள்வீர்கள். ஜெபா என்னையே பார்க்கிறாள். கொடுப்பேன் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அது அன்பால் சொன்ன பொய்யாகியிருக்கும். நடுங்கும் கையால் ஒரு ஊசி தப்பாகப் போனால் சாவது நோயாளி, அதோடு சேர்ந்து முடிந்துபோவது ஜெபா. கொடுக்க மாட்டேன் என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் அப்போதே அவள் வேலை போயிற்று.

கொடுக்க மாட்டேன் என்றேன். எமர்ஜென்சியில் இப்போது இவளை நான் நிறுத்தமாட்டேன். எச்.ஆர். தலைவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். ஜெபா தலையைக் குனிந்துகொண்டாள். நான் முடிக்கவில்லை என்றேன். போன வருடம் ஒரு நர்ஸுக்கு நோயாளியைத் தூக்கி முதுகில் டிஸ்க் விலகியது. அவள் தகுதியா என்று இந்த அறையில் யாராவது கேட்டீர்களா? ஓ.பி.யில் உட்கார்ந்து பார்க்கும் வேலையாகக் கொடுத்தீர்கள். மருத்துவச் செலவையும் ஏற்றீர்கள். அவள் அப்பாவை ரயிலேறி வரச் சொல்லவில்லை. முதுகு உடைந்தால் வேலையை மாற்றுவீர்கள், மனது உடைந்தால் ஆளை மாற்றுவீர்களா? இவள் எந்த வேலைக்குத் தகுதி என்று கேளுங்கள், சொல்கிறேன். டயாலிசிஸில் பகல் ட்யூட்டி கொடுங்கள். வாரா வாரம் அதே நோயாளிகள், தெரிந்த முகங்கள், திடீர்க் கூட்டம் இல்லை. முதலில் ஒரு சீனியரோடு நிற்கட்டும். சிகிச்சை வெளியில் ஒரு டாக்டரிடம், செலவு மருத்துவமனையுடையது. எப்போது தனியாக நிற்கலாம் என்று அந்த டாக்டர் சொல்லட்டும், எச்.ஆர். சொல்ல வேண்டாம்.

எச்.ஆர். தலைவர் இது முன்மாதிரியாகிவிடும், நாளைக்கு எல்லோரும் கேட்பார்கள் என்றார். எல்லோரையும் அடி வாங்க வைத்து ஸாரி சொல்ல வைத்தால் எல்லோரும்தான் கேட்பார்கள் என்றேன். குரல் உயர்ந்துவிட்டது, உயரட்டும் என்று விட்டேன். இது நீதிமன்றத்துக்குப் போனால் என்னைச் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். போலீஸுக்குப் போகாததையும், கவுன்சலரிடம் கேட்டதையும், ஊருக்குப் போன் போட்டதையும் நான் ஒன்றும் மறைக்கமாட்டேன் என்றேன். டைரக்டர் வக்கீல் அம்மாவைப் பார்த்தார். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, மேடம் கேட்பது சலுகை இல்லை, உங்கள் கடமை, அதைச் செய்துவிடுவதுதான் உங்களுக்கும் நல்லது என்றார்.

டைரக்டர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, டீக் ஹை, சரி என்றார். டயாலிசிஸ், பகல் ட்யூட்டி, வெளி டாக்டர் எல்லாவற்றுக்கும் சரி. போலீஸ் புகார் மட்டும் கடைசி வரை கொடுக்கவில்லை. என் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டிய நேரம் வந்தபோது அவர்களுக்கு ஞாபகமறதி வந்தது. ஜெபா இன்றும் அங்கேதான் வேலை பார்க்கிறாள். டயாலிசிஸில் இப்போது தனியாக நிற்கிறாள், மருந்து இன்னும் கொஞ்சம் நாள் தொடர வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இதில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. பாதி நியாயம் கிடைத்ததற்கு நன்றி சொல்லும் பழக்கமும் எனக்கு இல்லை.

ஆனால் அந்த அறையில் நடந்தது இன்னும் முடியவில்லை. டைரக்டர் சரி என்று சொன்ன அந்த நேரத்துக்குத் திரும்ப வருகிறேன்.

நாங்கள் கத்திக்கொண்டிருந்த வேகத்தில் ஜெபாவின் அப்பாவுக்கு நான் பாதிக்கு மேல் தமிழில் சொல்லவே இல்லை. அவர் பார்த்தது முகங்களை மட்டும்தான். பெரிய மேஜைக்குப் பின்னால் ஒரு பெரிய டாக்டர் கோபமாக இருக்கிறார். எல்லோரும் உரக்கப் பேசுகிறார்கள். நடுவில் மகள் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறாள். மகள் ஏதோ பெரிய தப்புச் செய்துவிட்டாள் என்றுதான் அவர் எண்ணியிருக்கிறார். மெல்ல எழுந்தார். குல்லாவைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டார். இரண்டு கையையும் நெஞ்சுக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார்.

"ஐயா, ஒண்ணும் மனசுல வச்சிக்கிடாதிய. எம்பிள்ள தெரியாம செஞ்சிருப்பா. மன்னிச்சிருங்கய்யா."

என்ன சொல்கிறார் என்று டைரக்டர் என்னைக் கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் கும்பிட்ட கைக்கு மொழிபெயர்ப்பு எதற்கு? டைரக்டரின் முகம் தெளிந்தது. அந்தக் காலை முழுவதும் இல்லாத ஒரு பெருந்தன்மை அதில் வந்து உட்கார்ந்தது. பரவாயில்லை, பரவாயில்லை என்று இந்தியில் சொல்லிக்கொண்டே ஒரு கையை உயர்த்தினார். அவர் மன்னித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணுக்கு அத்தனையும் செய்துவிட்டு, அவளைப் பெற்றவரை மன்னித்துக்கொண்டிருந்தார்.

ஜெபா எழுந்து அப்பாவிடம் போனாள். கை நடுக்கம் இருக்கத்தான் செய்தது. அந்தக் கையாலேயே அவருடைய கூப்பிய கைகளைப் பிடித்தாள்.

"அப்பா, கைய எறக்குங்க."

அவர் புரியாமல் அவளைப் பார்த்தார்.

"நாம ஒண்ணும் செய்யலப்பா. எறக்குங்க."

அவர் இறக்கினார். இப்போது இவள் என்ன சொல்கிறாள் என்று டைரக்டர் கேட்டார்.

அதை மட்டும் ஒரு சொல் விடாமல் இந்தியில் சொன்னேன்.